வெள்ளைத்துரை கைவைத்த வண்டி

சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பற்றிக்கொள்ளத்தான் இல்லை.

மகேஷ்குமார் இன்னொரு முறை திருப்பினான். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி நடத்துகிறவன், காலையிலேயே சட்டை நனைந்து, தரையோடு தரையாகக் கிடந்த ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குள் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தான். ஜப்பானில் செய்தது. இரண்டே சீட்டு. அவன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்து வண்டி. போன வருஷம் கோயம்புத்தூரில் பழசாக வாங்கியபோது நன்றாகத்தான் ஓடியது.

"இன்னுமா எந்திரிக்கல அது?" என்று கேட்டுக்கொண்டே ஷெட்டுக்கு வந்தாள் அவன் அம்மா பத்திரகாளி.

"எந்திரிக்கும்மா."

"ஞாயித்துக்கெழமை விருதுநகர்ல பொண்ணு பாக்கப் போகணும். மாப்பிள்ளை அந்தக் கார்லயே வரட்டும்னு பொண்ணோட அப்பா சொல்லிவிட்டுருக்காக. போட்டோவுல அது மேல சாஞ்சுக்கிட்டு நின்னேல்ல, இப்ப அனுபவி."

பெண்ணின் பெயர் பிரீத்திகா. அப்பா பெத்தணன், விருதுநகரில் பருப்பு வியாபாரி. மகேஷ்குமாரிடம் இருந்தது பிரீத்திகாவின் ஒரே ஒரு போட்டோதான். அதைப் பார்த்ததிலிருந்து, மாட்டு வண்டியில் வரச் சொல்லியிருந்தாலும் போயிருப்பான்.

வண்டி மக்கர் செய்வதாகக் கேள்விப்பட்ட கல்யாணத் தரகர், மெக்கானிக் ஒருவரை அனுப்பிவைத்தார். பெயர் வெள்ளைத்துரை. நாற்பது வயது, நிதானமான ஆள்.

"வண்டி ஸ்டார்ட் ஆக கரெண்டு, காத்து, பெட்ரோல் மூணும் வேணும் மொதலாளி," என்றார். "மூணுல ஏதோ ஒண்ணு உங்களுக்குத் துரோகம் பண்ணுது."

பிளக்கைக் கழற்றி என்ஜின் மேல் வைத்துச் சுற்றச் சொன்னார். நீலமாகப் பொறி வந்தது.

"கரெண்டு யோக்கியன். இப்ப சாவிய மட்டும் போட்டுட்டு இங்கன வாங்க. பின்னாடி காத வச்சுக் கேளுங்க. பெட்ரோல் பம்ப்பு ம்ம்ம்னு முனங்கணும்."

இருவரும் வண்டியின் பின்பக்கத்தில் காதை ஒட்டிவைத்துக் கேட்டார்கள். முனகல் இல்லை.

பம்ப்புக்கு மின்சாரம் விடும் ரிலேயை வெள்ளைத்துரை மாற்றினார். பம்ப் முனகியது. மகேஷ்குமார் சிரித்தான். ஆனால் என்ஜின் அப்போதும் பற்றவில்லை. பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் குளித்துவிட்டு வந்தது.

"மொதல்ல பெட்ரோலே வரல. இப்ப வெள்ளமா வருது. முன்னேத்தந்தான்," என்றார் வெள்ளைத்துரை. பிறகு அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "கோவமா மொதலாளி?"

"கோவப்பட்டு என்னண்ணே செய்ய?"

உண்மையில் கோபம் வந்திருந்தது. ஆனால் சிவகாசியில் லாரிக்கு மெக்கானிக் உண்டு, அச்சு மிஷினுக்கு உண்டு, பைக்குக்கு முக்குக்கு முக்கு உண்டு. இந்த வண்டியின் பெட்ரோல் இன்ஜக்‌ஷனைத் திறந்து பார்க்கும் தைரியம் யாருக்கும் இல்லை. இவரும் கோபித்துக்கொண்டு போனால் போச்சு.

மறுநாள் வெள்ளைத்துரை ஒரு சென்சாரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"இவந்தான் திருடன். என்ஜின் சூடா இருந்தாலும் சில்லுன்னு இருக்குன்னு கம்ப்யூட்டர்கிட்டப் பொய் சொல்லுதான். அதுவும் நம்பிக்கிட்டு பெட்ரோல ஊத்துது."

வேறொரு வண்டியின் சென்சாரை மாட்டினார். மகேஷ்குமார் சாவியைத் திருப்பினான்.

வண்டி வெடித்தது. வண்டியல்ல, சைலன்சருக்குள் தேங்கிக் கிடந்த பெட்ரோல். ஆனால் அந்தச் சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எல்லோரும் அண்ணாந்து, எந்தத் திசையில் புகை எழும்புகிறது என்று பார்த்தார்கள். எதிர் வீட்டுக் கருப்பம்மாள் புதுப்பட்டிப் பட்டாசு ஃபேக்டரிக்கு வேலைக்குப் போயிருந்த தன் மகளுக்குப் போன் போட்டாள். மகள் எடுத்துப் பேசிய பிறகுதான் வாசலில் உட்கார்ந்தாள். அந்த ஊரில் இப்படியொரு சத்தத்துக்கு யாரும் சிரிப்பதில்லை.

மகேஷ்குமார் ஒவ்வொரு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டான். யாரோ சொல்லி வந்துவிட்ட தீயணைப்பு வண்டிக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். திரும்பி வந்தபோது வெள்ளைத்துரை அதே இடத்தில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திட்டணும்னு தோணுச்சுன்னா திட்டிருங்க மொதலாளி."

"வண்டி ஓடட்டும்ணே. மொத்தமாத் திட்டிக்கிடுதேன்."

அதன் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது மட்டும். ஒரு சுற்று ஓட்டி நிறுத்திவிட்டால், ஆறும்வரை அசையாது. பைபாஸில் ஒரு முறை நின்று, கம்பெனி ஆட்கள் லோடு ஆட்டோவில் வந்து கயிறு கட்டி இழுத்துப் போனார்கள்.

சனிக்கிழமை வெள்ளைத்துரை கடைசி முடிவுக்கு வந்தார்.

"சாவி வழியாப் போற வயர்லதான் கோளாறு. பேட்டரியில இருந்து டைரக்டாக் குடுத்துருவோம்."

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி ஒரே திருப்பில் பற்றிக்கொண்டது. பட்டுச்சேலையில் இருந்த பத்திரகாளி, மகன் கைகொடுக்க, குழிக்குள் இறங்குவதுபோல சீட்டில் இறங்கினாள். வெள்ளைத்துரை பைக்கில் பின்னால் வந்தார். திருத்தங்கல் தாண்டியது, ஆமத்தூர் தாண்டியது, வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மகேஷ்குமாருக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

விருதுநகரில் பெண் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பினான். சாவி கையோடு வந்துவிட்டது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணுலே," என்றாள் அம்மா.

"பண்ணிட்டேம்மா."

பைக்கை நிறுத்திவிட்டு வந்த வெள்ளைத்துரை சட்டைப்பையைத் தடவினார். "வயரக் கழட்ட ஸ்பேனர் வேணும் மொதலாளி. உங்க ஷெட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்."

கியரில் போட்டு அமுக்கி நிறுத்தப் பார்த்தான். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியை உடைத்துவிட்டு, அவன் பதறிக் கிளட்சை மிதித்ததும் முன்னிலும் உற்சாகமாக ஓடியது. பத்திரகாளி சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டே இறங்கி வீட்டுக்குள் போய்விட்டாள். மகேஷ்குமார் இறங்கப் பயந்து, பிரேக்கில் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

மாப்பிள்ளை உள்ளே வர முடியாததால் பெண் வெளியே வந்தாள். பிரீத்திகா காபி டம்ளரோடு குனிந்து, இன்னும் குனிந்து, கடைசியில் உட்கார்ந்தே விட்டாள். என்ஜின் இரைச்சலில் இருவரும் கத்திக் கத்திப் பேசினார்கள்.

"எத்தனை வருஷம் ஆச்சு?" என்று வண்டியைக் காட்டிக் கேட்டாள்.

"முப்பத்திரண்டு! வைகாசி வந்தா முப்பத்தி மூணு!"

"வண்டிக்குக் கேட்டேன்!"

"ஆமா, உடம்பு தண்டிதான்! கொறைக்கணும்!"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னும் பக்கத்தில் வந்தாள். "உங்களுக்குக் கோவம் வருமா?"

"கூலிங்கா? ஏசி வேலை செய்யாதுங்க!"

தெரு முழுக்கக் கூடி நின்றது. மாடியில் இருந்து ஒருவர் வீடியோ எடுத்தார். அவன் வாங்கிக்கொண்ட காபியில் என்ஜினின் நடுக்கம் தெரிந்தது. தன் கல்யாணம் அந்த டம்ளருக்குள்ளேயே முடிந்துபோனதாக மகேஷ்குமார் நினைத்தான்.

பெட்ரோல் தீர்ந்தபோது வண்டி இருமுறை இருமி, நின்றது.

மகேஷ்குமார் இறங்கினான். வெள்ளைத்துரை பைக் ஓரமாகத் தலையைக் குனிந்து நின்றிருந்தார். அவன் நேராக அவரிடம் போனான். உள்ளேயிருந்து ஓடி வந்த பத்திரகாளி, "ஏலே, கைய வச்சுராத!" என்று கத்தினாள்.

திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தான். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. ரிலேயிலிருந்தா, சென்சாரிலிருந்தா, ஸ்பேனரிலிருந்தா? அவர் முகம் வெயிலில் கறுத்துப்போயிருந்தது. புறங்கையில் சைலன்சர் சுட்ட தழும்பு இருந்தது.

"காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலயேண்ணே நீங்க," என்றான். "உள்ள வாங்க. இவுக வீட்டுல ரெண்டு இட்லி தராமலா போயிருவாக?"

வெள்ளைத்துரை நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பிறகு அவனைத் தாண்டி வாசலைப் பார்த்தார். அங்கே பிரீத்திகா தன் அப்பாவின் பக்கம் திரும்பி மெல்லத் தலையை ஆட்டினாள்.

பெத்தணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சத்தமாகச் சொன்னார்:

"ஏலே வெள்ளைத்துரை, சோதிச்சது போதும்லே! இவருக்குக் கோவமே வரமாட்டேங்கு, என் மகளும் சரின்னுட்டா. இனிமேயாச்சும் அந்த வண்டியச் சரி பண்ணிக் குடு!"