சகலையின் ரோட் பைக்கும் நான் பிடுங்கிய காற்றும்

சகலையைப் பார்த்துப் பொறாமைப்படாத மனிதனை நான் இன்னும் சந்திக்கவில்லை. கூடப்பிறந்தவன் முன்னேறினால் பெருமைப்படுவதுபோல் நடிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் முன்னேறினால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். மனைவியின் தங்கை கணவன் முன்னேறினால் அந்தச் செய்தி நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எனக்கு எழுபத்தோரு வயது. கணக்கு ஆசிரியராக இருந்தபோது பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன். ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் சகலை குணா ஓட்டவிருந்த சைக்கிளின் டயர்களிலிருந்து நான் காற்றைப் பிடுங்கினேன்.

நான் இருப்பது பிரிக்பீல்ட்ஸில், குணா முப்பது கிலோமீட்டர் தள்ளி, கிள்ளானில். ஓய்வு பெற்றதும் டாக்டர் என்னைச் சைக்கிள் ஓட்டச் சொன்னார். மகள் ஒரு மவுண்டன் பைக் வாங்கித் தந்தாள். முதலைத் தோல் போன்ற தடித்த டயர், முன் சக்கரத்துக்கு மேல் ஸ்பிரிங். இதில் மலை ஏறலாம், ஓடை தாண்டலாம் என்றார் கடைக்காரர். நான் பக்கத்துப் பங்சார் வரை போய்த் தோசை சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிறுதோறும் குணாவும் பாதி வழிக்கு வந்து சேர்ந்துகொள்வான். நெடுஞ்சாலை ஓரத்து மோட்டார் சைக்கிள் பாதையில் கிள்ளான் நோக்கிப் போவோம். அப்போது அவனிடம் இருந்தது கிறீச்சிடும் ஒரு பழைய சைக்கிள். "அண்ணே, மெதுவா போங்கண்ணே, மூச்சு வாங்குது" என்று பின்னாலிருந்து கத்துவான். இரண்டு ஆண்டுகள் அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் உடம்பு தேறியது. (டாக்டர் மருந்தினால் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.)

பிறகு அவன் ரோட் பைக் வாங்கினான். விரல் அகல டயர், ஆட்டுக்கொம்பு போல் வளைந்த கைப்பிடி, ஒரு கையால் தூக்கிவிடலாம். அன்றிலிருந்து நான் அவன் முதுகை மட்டும் பார்த்தேன். அடுத்த வாரம் முதுகும் தெரியவில்லை. நான் கிள்ளான் போய்ச் சேரும்போது அவன் தே தாரிக் டீயைக் குடித்து முடித்து, பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தில் இருப்பான்.

"குணாவுக்கு வயசே தெரியல" என்றாள் என் மனைவி, நான்கு பேர் முன்னிலையில்.

"அது வண்டி செய்யற வேல" என்றேன். "தார் ரோட்டுல அவன் டயர் வழுக்கிட்டுப் போகுது, என் டயர் ரோட்டைப் பிடிச்சு இழுக்குது. நான் மிதிக்கிற மிதியில பாதிய ஸ்பிரிங் தின்னுடுது. அவன் குனிஞ்சு காத்துக்குள்ள நுழையறான். நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு காத்துல முட்டறேன்."

சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் உண்மைக்காகவா சொன்னேன்?

என் கொழுந்தியாள் வசந்தி, குணாவின் மனைவி, சாதாரணமாகக் கேட்டாள்: "அப்ப வண்டிய மாத்தி ஓட்டிப் பாருங்களேன் அத்தான். வண்டியா காலான்னு தெரிஞ்சிடும்லா."

குணா உடனே சம்மதித்தான். என் மவுண்டன் பைக்கிலும் அவன் என்னைத் தோற்கடித்துவிட்டால், என்னிடம் இருந்த ஒரே சாக்கும் போய்விடும். அப்புறம் இருப்பது வெறும் கால்தான்.

அடுத்த ஞாயிறு என் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு, மனைவியுடன் கிள்ளான் போனேன். கோயில் வாசலில் தொடங்கி ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. எல்லோரும் கும்பிட உள்ளே போனார்கள். நான் செருப்புக்குக் காவல் இருப்பதாகச் சொல்லி வெளியே நின்றேன். என் சைக்கிள் அருகே குந்தி, வால்வு மூடியைக் கழற்றி நகத்தால் அழுத்தினேன். ஸ்ஸ் என்றது. முன்னால் பாதி, பின்னால் பாதிக்கும் கொஞ்சம் மேலே. முழுவதும் பிடுங்கினால் தெரிந்துவிடும் அல்லவா. (படித்தவன் செய்யும் திருட்டு இப்படித்தான், அளவாக இருக்கும்.)

வெளியே வந்ததும் வசந்தி, "இந்தப் புது வண்டிக்கு இன்னும் பூசையே போடல. அத்தான் ஏர்றதுக்கு முன்ன போட்டுடுவோம்" என்று ஐயரைக் கூப்பிடப் போனாள்.

"நீ முன்னால போ குணா, நான் வந்து பிடிச்சிடறேன்" என்றேன் பெருந்தன்மையாக. அவன் ஏறிப் போனான். டயர் அமுங்கியதைப் பார்த்து மகிழ்ந்தேன்.

ஐயர் கற்பூரம் காட்டி, குங்குமம் வைத்து, இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். "சும்மா தள்ளிக்கிட்டே போங்க சார், போதும்."

புதுக் கார்கள் எலுமிச்சையை நசுக்கிக்கொண்டு போவதை ஆயுள் முழுக்கப் பார்த்தவன் நான். ஏறித்தான் போவேன் என்றேன். குணாவின் காலணியையும் வாங்கிப் போட்டிருந்தேன். அது பெடலில் மாட்டிக்கொள்ளும் ரகம். சுவரைப் பிடித்தபடி இரண்டு காலையும் மாட்டி, ஒரு மிதி மிதித்தேன்.

அந்த ஒல்லி டயருக்கு எலுமிச்சையை நசுக்கத் தெரியவில்லை. பழம் வலப்பக்கம் உருண்டது, சக்கரம் இடப்பக்கம் போனது. காலை ஊன்றப் பார்த்தேன், கால் பெடலோடு இருந்தது. சுவரில் மாட்டிய படம் விழுவதுபோல், உட்கார்ந்த நிலையிலேயே சைக்கிளோடு சாய்ந்தேன்.

பூ விற்கும் அம்மாள், "அங்கிள், முதல்ல வண்டிய விட்டு இறங்குங்க" என்றார். ஐயர் பழத்தை எடுத்துத் துடைத்தார். "பழத்துக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

நாற்பது நிமிடம் கழித்துக் குணா வேர்த்து வழிந்துகொண்டு வந்தான். நான் வீங்கிய மணிக்கட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, இந்த வண்டியிலயா ரெண்டு வருஷம் எனக்கு முன்னால போனீங்க?" என்றான். "இது சைக்கிள் இல்லண்ணே, டிராக்டர். உங்க காலு இரும்புலா."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்தார்கள். அவன்தான் என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். கட்டுப் போட்ட கையோடு வந்த எனக்கு ரொட்டி சானாயைப் பிய்த்துக் கொடுத்தவனும் அவன்தான். ஒரு துண்டும் விடாமல் சாப்பிட்டேன்.

அதிலிருந்து குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் குணா என்னுடைய டிராக்டர் கதையைச் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். நான் குனிந்த தலையோடு பாயசம் குடிப்பேன். போன வாரம் பூச்சோங்கில் ஒரு கல்யாணத்தில், ஓர் இளைஞன் என் கால்களைப் பார்த்து, "என்ன சாப்பிடுவீங்க அங்கிள்?" என்று கேட்டான். அதற்குமேல் தாங்கவில்லை. மறுநாள் காலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "நீங்க டயர்கிட்ட குந்தியிருந்தத கோயில் வாசல்லருந்து பாத்தேனே. அன்னிக்கே வசந்திகிட்ட சொல்லிட்டேன்."

"குணாவுக்குத் தெரியுமா?"

"பாதி வழியில பெட்ரோல் ஸ்டேஷன்ல நிறுத்தி காத்து அடிச்சதே அவருதானே. ஆறு வருஷமா எல்லாரும் அப்படிச் சிரிக்கறாங்களே, உங்க காலுக்கா சிரிக்கறாங்க?"

குணாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"அண்ணே, இத வெளிய யார்கிட்டயும் ஒத்துக்காதீங்க. அடுத்த மாசம் என் மக நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இன்னும் இந்தக் கதையக் கேக்கல. நீங்க அப்படித் தலையக் குனிஞ்சு உக்காந்தாத்தான் கதை எடுபடும்."

சரி என்றேன். குனிந்து உட்காரத்தான் போகிறேன். ஆனால் கதை சொல்வதிலும் அவன் என்னை மிஞ்சியிருக்கிறான் என்பதை நினைத்தால் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நிச்சயதார்த்தத்தில் அவன் வாயைத் திறப்பதற்கு முன் இந்தக் கதையை நானே எழுதி முடித்துவிட்டேன்.