கொடியேற்றத்துக்கு முந்திய வேட்டு

ரோட்டைச் சோதிக்க வந்த வேனுக்கு அடியில் வரிசையாக மைக்குகள் தொங்குவதைப் பார்த்ததும் ஜாஸ்பர் தன் மேஸ்திரி கலியனைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"ரோட்டுக்கு எதுக்குடா மைக்கு?" என்று கேட்டார்.

"தோண்டாம, தொடாம, சத்தத்தை வச்சே உள்ள என்ன இருக்குன்னு கண்டுபுடிச்சுடுவாங்களாம்ணே. டிரைவர் சொல்லிக்கினு இருந்தாரு."

நெய்வேலி டவுன்ஷிப்பில் அந்த பிளாக் ரோட்டைப் போன வருஷம் போட்ட காண்ட்ராக்டர் ஜாஸ்பர்தான். மேலே தார் பளபளவென்று இருக்கும். கீழே ஓர் அடி ஜல்லி இருக்க வேண்டிய இடத்தில் அரை அடிகூட இல்லை. மாட்டினால் இந்த ஜென்மத்தில் இன்னொரு காண்ட்ராக்ட் கிடைக்காது. கூசாமல் செய்த மனிதருக்கு இப்போது குளிர்ஜுரமே வந்துவிட்டது.

"மைக்குல ஒண்ணும் கேக்காதபடி பண்ணிட்டா?" என்றார்.

முதலில் தன் ரோடு ரோலரை வேனுக்குப் பக்கத்தில் நிறுத்தி உறும விட்டார். வேனிலிருந்து எட்டிப் பார்த்த இன்ஜினியர் சண்முகப்பிரியா சிரித்தாள்.

"இருக்கட்டும் சார். ஒரே சீரா வர்ற சத்தத்தைக் கம்ப்யூட்டரே கழிச்சிடும்."

சீராக வந்தால்தானே? பேண்டு செட்டை வரவழைத்தார். சீர் என்றால் என்னவென்றே அறியாத கோஷ்டி அது. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஆடத் தொடங்கினார்கள்.

"என்ன சார் விசேஷம்?"

"மாதா கோயில் கொடியேத்தம் மேடம்."

"அது அடுத்த மாசமாச்சேண்ணே?" என்றான் கலியன்.

"இது ரிகர்சல்டா!"

சண்முகப்பிரியா வேனுக்குள் எதையோ திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் வாடியது. லேப்டாப்பை மூடினாள்.

"அண்ணே, கெளம்புறாங்க. போதும்ணே."

வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். ஜல்லியைத் தவிர வேறெதிலும் குறைத்துப் பழக்கமில்லை ஜாஸ்பருக்கு.

"எதுக்கும் மூணு அதிர்வேட்டு போட்டு அனுப்புடா. இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது."

முதல் வேட்டுக்கே குவார்ட்டர்ஸ் ஜன்னல்கள் நடுங்கின. சண்முகப்பிரியா அடித்துப் பிடித்துக்கொண்டு வேனுக்குள் ஓடினாள். அடுத்த இரண்டும் வெடித்தபோது ஜாஸ்பர் மீசையை நீவிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ரொம்ப தேங்க்ஸ் சார்!" என்று கைகுலுக்கிவிட்டு மறுபடி வண்டியில் ஏறிக்கொண்டாள்.

ஜாஸ்பருக்கு ஒன்றும் புரியவில்லை. ஓடிப்போய் டிரைவர் மருதமுத்துவின் ஜன்னலைப் பிடித்தார்.

"எதுக்குங்க தேங்க்ஸ்?"

"ரோட்டை அதிர வைக்கிற பொட்டி காலையிலயே ரிப்பேராப் பூடுச்சுங்க. ரோடு அதிர்ந்தாத்தான் மைக்குல ஏதாச்சும் வுழும். சரி, திரும்பிப் போயிடலாம்னு மேடம் லேப்டாப்பை மூடிட்டாங்க. புண்ணியவான், நீங்க வேட்டு போட்டீங்க. உள்ளாற ஜல்லி எம்மாம் இருக்குன்னு அங்குலம் அங்குலமா வந்துடுச்சு!"