ஒருவர் நிறுத்தப்பட்டுள்ளார்

“அந்த மனுசன் யாருவே?” என்று இன்ஸ்பெக்டர் ஞானதாசன் நான்காவது தடவையாகக் கேட்டபோது, ஸ்டேஷனில் இருந்த பதினொரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரைட்டர் செல்வதாஸ் மட்டும் மேஜைக்கு அடியில் குனிந்து, கீழே விழாத பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

விஷயம் நல்ல விஷயம்தான். சாலைப் பாதுகாப்பு மாதத்தை முன்னிட்டு, போக்குவரத்து ஒழுங்குக்காகப் பாடுபட்ட போலீஸ்காரர்களையும் பொதுமக்களையும் நாகர்கோவிலில் விழா எடுத்துக் கௌரவிக்கப் போகிறார்கள். யாரைக் கௌரவிக்கலாம் என்று ஜனங்களிடமே கேட்டிருந்தார்கள். வந்த கடிதங்களில் அறுபத்திரண்டு ஒரே ஆளைப் பற்றியவை. மயிலாடிக்குப் போகும் வழியில், புளியமூட்டு வளைவில் நிற்கும் போலீஸ்காரர். மாதத்துக்கு நாலு பேர் விழுந்து எழும்பும் அந்த வளைவில், அவர் வந்து நின்ற மூன்று மாதமாக ஒரு சைக்கிள்கூடச் சரியவில்லையாம். பெயரை மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

“வளைவு நம்ம லிமிட்டு. நிக்கது நம்ம ஆளு. அது யாருன்னு நமக்கே தெரியலன்னா எஸ்.பி. பெரிய அய்யா என்னையப் பத்தி என்ன நெனப்பாரு?” என்ற இன்ஸ்பெக்டர், மேஜைப் பக்கம் திரும்பினார். “செல்வதாஸ், அந்த டூட்டி ரிஜிஸ்டர எடும் பாப்போம்.”

செல்வதாஸ் மேஜைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே குனிந்து தேடினார்.

மூன்று மாதத்துக்கு முன்னால், அந்த வளைவில் ஒரு காவலரைப் போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது உண்மை. போட ஆளில்லை. ஆனால் பதில் போயாக வேண்டும். ‘உத்தரவின்படி மேற்படி வளைவில் ஒருவர் நிறுத்தப்பட்டுள்ளார்’ என்று செல்வதாஸ் எழுதி அனுப்பிவிட்டார். அந்த மாதிரி எழுத்தில் அவரை மிஞ்ச மாவட்டத்தில் ஆள் கிடையாது. முப்பத்திநாலு வருஷ சர்வீஸில் அவர் கையால் மனுக்கள் பரிசீலிக்கப்பட்டன, ரோந்துகள் தீவிரப்படுத்தப்பட்டன, கண்காணிப்புகள் முடுக்கிவிடப்பட்டன. யார் செய்தார்கள் என்று மட்டும் எந்த வரியிலும் இருக்காது. ஆள் கிடைத்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று ரிஜிஸ்டரில் விட்ட இடம் இன்றைக்கும் வெள்ளையாகவே கிடந்தது. ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் ஒன்பது மாதம். இப்போது ஒரு மெமோ வந்தால் பென்ஷன் இழுபறிதான்.

இன்ஸ்பெக்டரின் கை ரிஜிஸ்டரைத் தொட்டது.

“நாந்தான் சார்” என்றார் செல்வதாஸ்.

“நீரா?”

“காலையில ஸ்டேஷனுக்கு வரதுக்கு முன்ன கொஞ்ச நேரம், சாயங்காலம் போற வழியில கொஞ்ச நேரம். பெருசா வெளிய சொல்லிக்கிடல்ல சார்.”

இன்ஸ்பெக்டர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ரிஜிஸ்டர் திறக்கப்படவில்லை. கான்ஸ்டபிள் ஐயப்பன் மட்டும் திறந்த வாயை மூடாமல் நின்றான்.

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி வாட்ஸப்பில் முந்திப் போயிருந்தது. மனைவி நேசம்மாள் ஷோகேஸைக் காலி செய்துகொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் கல்ஃபிலிருந்து வந்தவர். அவர் வீட்டு ஷோகேஸில் ஏழு ஷீல்டு. இவள் வீட்டில் முப்பது வருஷமாக ஒரு கிளிஞ்சல் கப்பலும் இரண்டு பிளாஸ்டிக் அன்னமும்தான்.

“எத்தன நாளு ஒங்களத் திட்டியிருப்பேன்” என்று நேசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வெயில்ல நின்னுட்டு வந்தேன்னு ஒரு வார்த்த சொன்னியளா?”

செல்வதாஸ் அடக்கமாகத் தலையைக் குனிந்தார். அவரால் அப்போது செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

இன்ஸ்பெக்டர் அனுப்பியிருந்த கடிதங்களை அவள் போனில் ஒவ்வொன்றாக வாசித்தாள். ஏழாவது கடிதத்தில் நிறுத்தினாள்.

“இஞ்ச பாருங்க. ‘ஞாயிற்றுக்கிழமை காலையிலும் நின்றார்’னு எழுதியிருக்காவ. அப்பம் சர்ச்சுல ஆம்பளைய பெஞ்சுல இருந்து ஒறங்குனது யாரு?”

“அது... எடையில ஒரு மணிக்கூரு லீவு சொல்லிட்டு வந்தேன்.”

“பிரசங்கம் கேக்கதுக்கா?”

“ஒறங்கதுக்கு” என்றார் செல்வதாஸ். அது ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்தார்.

மறுநாளே அசல் ஆளைத் தேடத் தொடங்கினார். கண்டுபிடித்து, கையைக் காலைப் பிடித்து, விழா முடியும்வரை வாயைத் திறக்காமல் இருக்கச் சொல்ல வேண்டும். டிராஃபிக் பிரிவுக்குப் போன் போட்டார். எங்கள் ஆள் இல்லை, நல்ல ஆள் என்று கேள்விப்பட்டோம் என்றார்கள். ஊர்க்காவல் படையிலும் அதே பதில்தான்.

வேறு வழியில்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தானே கிளம்பினார். வளைவை ஒட்டி வரிசையாகக் கல் பட்டறைகள். எப்போதும் அங்கே வெள்ளையாகத் தூசி பறந்துகொண்டிருக்கும். அந்தத் தூசிக்குள்ளே தூரத்தில் காக்கி தெரிந்தது. நல்ல உயரம், விறைப்பான தொப்பி. ஒரு கை முன்னால் நீண்டிருந்தது. வந்த பஸ் ஒன்று பூனை மாதிரிப் பதுங்கி வளைவைக் கடந்தது. செல்வதாஸ் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு பக்கத்தில் போகப் போனவர், சட்டென்று தலையைத் தொட்டுப் பார்த்தார். ஹெல்மெட் வீட்டில் இருந்தது.

யோசிப்பதற்குள் கை தானாக ஹேண்டில்பாரைத் திருப்பிவிட்டது. முப்பத்திநாலு வருஷம் காக்கி போட்டவர், இன்னொரு காக்கியைக் கண்டு தென்னந்தோப்புக்குள் புகுந்து வீடு வந்து சேர்ந்தார்.

அடுத்து ஐயப்பனை நம்பினார். ஒரு பிளாஸ்க் சாயாவும் நாலு பழம்பொரியும் கொடுத்து, பைய பேசி விஷயத்தைச் சொல்லிவிட்டு வா என்று அனுப்பினார். போனவன் போன வேகத்தில் பிளாஸ்க்கோடு திரும்பி வந்தான். பழம்பொரியைக் காணவில்லை.

“என்னடே?”

“ஏட்டையா, என்னையக் கண்டதும் கைய நீட்டி நில்லுன்னு காட்டுனாவ. எனக்க வண்டிக்கு இன்ஷுரன்ஸ் முடிஞ்சு நாலு மாசமாச்சு. அப்பிடியே திரும்பிட்டேன்.”

“ஏலே, நீயும் போலீசுடே!”

“அவியளும் போலீசுதான ஏட்டையா. கொஞ்சங்கூட எளகுற ஆளாத் தெரியல்ல.”

“மூஞ்சியாவது பாத்தியா? ஆளு யாருன்னு தெரிஞ்சுதா?”

“போலீஸ்காரனுக்க மூஞ்சிய யாரு ஏட்டையா நின்னு பாப்பா?”

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் குளச்சல் கமருதீன் ஸ்டேஷனுக்கு வந்தார். மீன் வண்டிக்காரர். ரோட்டில் அடிபட்டுக் கிடந்தவர்களை ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தன் வண்டியில் ஏற்றி, நெய்யூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர். பொதுமக்கள் வரிசையில் அவருக்கும் மரியாதை உண்டு. போட்டோ கொடுக்க வந்திருந்தார்.

“ஏட்டையா, வளைவுல நிக்க சாரையும் மேடையில ஏத்துவாவளா?” என்று கமருதீன் கேட்டார். “ஏத்தணும். மூணு மாசமா எனக்க வண்டியில மீனு மட்டுந்தான் ஏறுது. ஒரு மனுசன் ஏறல்ல.”

“நீரு அவருகிட்ட பேசியிருக்கீரா?” என்று செல்வதாஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

“தெனம் சலாம் சொல்லுவேன். திருப்பிச் சொல்ல மாட்டாரு. டூட்டியில கறாரு. ஒருநாளு மனசு கேக்காம முழுசா ஒரு நெய்மீனக் கொண்டு நீட்டுனேன். வாங்கவும் இல்ல, வேண்டாம்னு சொல்லவும் இல்ல. வெக்கப்பட்டுக் காலடியில வச்சிட்டு வந்துட்டேன். மறுநாளு பாத்தா காக்கா கொத்தித் தின்னு முள்ளு மட்டும் கெடக்கு. மனுசன் தொடவே இல்ல ஏட்டையா!”

கமருதீன் போன பிறகும் செல்வதாஸ் அந்த மீனையே நினைத்துக்கொண்டிருந்தார். விலை கூடிய நெய்மீன்! அவர் வாழ்நாளில் ஒரு கூறு சாளை மீனைக்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. இப்படியும் ஒருத்தன் காக்கிச் சட்டைக்குள் இருக்கிறான். அவனுக்குச் சேர வேண்டியதைத்தான் நாம் தோளில் வாங்கிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தபோது அவருக்கு உண்மையிலேயே அவமானமாக இருந்தது. பயம் ஒரு பக்கம் இருந்தது, இது வேறு.

விழா மூன்று மணிக்குத் தொடங்கியது. முதல் வரிசையில் நேசம்மாள் பட்டுச் சேலையில் இருந்தாள். பக்கத்தில் ஏழு ஷீல்டு அண்ணன். கமருதீனுக்குப் பொன்னாடை போர்த்தியதும் அரங்கம் அதிர்ந்தது. அடுத்து அறிவிப்பாளர் கடிதங்களை வாசிக்க ஆரம்பித்தார்.

“வெயிலிலும் மழையிலும் இடத்தை விட்டு அசையாதவர். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதவர். பணி நேரத்தில் ஒருமுறைகூடச் செல்போனைத் தொடாதவர்...”

செல்போன் என்றதும் போலீஸ் வரிசையில் லேசான சலசலப்பு எழுந்தது.

“...அவர்தான் தலைமைக் காவலர் செல்வதாஸ்!”

செல்வதாஸ் எழுந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த கமருதீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்களா ஏட்டையா? அவரு ஒங்களவிட ரெண்டு சாண் ஒசரமாக்கும்!”

சத்தமில்லாமல்தான் சொன்னார். யார் காதிலும் விழவில்லை. பேசாமல் நடந்திருக்கலாம். பெரிய அய்யா பொன்னாடையை விரித்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றார். ஆனால் செல்வதாஸின் கண்ணுக்கு முன்னால் அந்த நெய்மீன் முள் வந்து நின்றது. அவர் கால் பொன்னாடைப் பக்கம் போகாமல் மைக் பக்கம் போனது.

“அய்யா, அது நான் இல்ல” என்றார். “அங்க ஆளு போடச் சொன்னப்பம் நான் யாரையும் போடல்ல. ஒருவர் நிறுத்தப்பட்டுள்ளார்னு சும்மா எழுதிக் குடுத்துட்டேன். பொய்யி. அந்தப் பொய்ய மறைக்க நாந்தான்னு இன்னொரு பொய்யி சொன்னேன். ஆனா எவரோ ஒருத்தரு, யாரும் சொல்லாம, ஒரு சாயாகூட வாங்கிக் குடிக்காம, தானா வந்து நின்னுருக்காரு. இந்தப் பொன்னாட அவருக்குள்ளதாக்கும்.”

இன்ஸ்பெக்டர் ஞானதாசன் மேலே சுழன்ற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வதாஸ் பயந்து பயந்து முதல் வரிசையைப் பார்த்தார். நேசம்மாள் எழுந்து நின்றாள். அழுதுகொண்டே கைதட்டினாள். ஏழு ஷீல்டு அண்ணனும் வேறு வழியில்லாமல் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

பெரிய அய்யா மைக்கை வாங்கினார். “பொய் எழுதினதுக்கு மெமோ நாளைக்கு. உண்மையைச் சொன்னதுக்குக் கைதட்டல் இன்னைக்கு” என்றார். “அந்த மனிதர் இப்போதும் வளைவில்தானே நிற்பார்? விழாவை அங்கே போய் முடிப்போம். வண்டிகளை எடுங்க!”

ஜீப்புகள் கிளம்பின. வாசலில் வரவேற்புக்கு வந்திருந்த செண்டை மேளக்காரர்கள் கமருதீனின் மீன் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். பின்னால் அறுபது எழுபது பைக்குகள். அத்தனை தலையிலும் ஹெல்மெட். ஐயப்பன் மட்டும் இன்ஷுரன்ஸ் இல்லாத தன் வண்டியை அரங்கத்திலேயே விட்டுவிட்டு, செல்வதாஸின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டான். ஜீப்பில் பெரிய அய்யாவின் மடியில் பொன்னாடை இருந்தது. செல்வதாஸுக்கோ இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய சந்தோஷம். அந்த மனிதரை இந்தத் தடவை நேருக்கு நேர் பார்த்து ஒரு சல்யூட் அடிக்க வேண்டும் என்று மனதுக்குள் பழகிக்கொண்டே போனார்.

வளைவு வந்தது. மேளம் உச்சத்துக்குப் போய், சட்டென்று நின்றது.

அங்கே யாரும் இல்லை. மினி பஸ் ஒன்று இஷ்டத்துக்குச் சீறிக்கொண்டு வளைந்தது. இரண்டு பைக்குகள் மயிரிழையில் தப்பின. அவர் நின்ற இடத்தில் புல் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது.

“நாம வரது தெரிஞ்சு போயிட்டாரு சார்” என்றார் கமருதீன். “விளம்பரம் பிடிக்காத மனுசன்.”

பெரிய அய்யாவே நெகிழ்ந்து தொப்பியைக் கழற்றினார். மேளச் சத்தம் கேட்டுப் பக்கத்துப் பட்டறையிலிருந்து, கல்லுக்குப் பாலிஷ் போடும் முத்துக்கனி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“ஏம்மா, இங்கே தினமும் ஒரு போலீஸ்காரர் நிற்பாரே, அவர் எங்கே?” என்று பெரிய அய்யா கேட்டார்.

“அவியளா சார்? நெய்யூர்ல இருந்து அவியளுக்க மக்கமாரு நேத்து வந்து, கிரேன் வச்சுத் தூக்கி லாரியில ஏத்திட்டுப் போனாவளே; செத்துப்போன அப்பாவுக்குன்னு அவிய செய்யச் சொல்லி, பெயின்ட் அடிச்சு மூணு மாசமா நாங்க வெளிய நிறுத்தி வச்சிருந்த சிலையாக்கும் அது!”