ஏழாம் எண் கட்டிலில் நான் படுத்தது பற்றிய விளக்கம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நான் நலம். அதை நிரூபிக்கவே இக்கடிதம். அங்கு எல்லாரும் நலமாகவே இருப்பீர்கள், என் மகளின் கோபம் நீங்கலாக.

ஆஸ்பத்திரியிலிருந்து உங்களுக்கு வந்த செய்தியைப் பார்த்துவிட்டுச் சற்றுமுன் அவள் அழைத்தாள். "இன்னொரு தடவை எமர்ஜென்சின்னு கேள்விப்பட்டா வீட்டைக் காலி பண்ணி இங்க கூட்டிட்டு வந்துடுவேன்னு சொன்னேன்ல? ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன்" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். எனக்கு என் வீட்டை விட்டு வர மனமில்லை, மாப்பிள்ளை. அவளிடம் இதைச் சொல்லத் தைரியமில்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.

நான் நோயாளியாகப் போகவில்லை. கீழ்வீட்டுத் தையற்காரர் ஸ்டூலிலிருந்து விழுந்து மணிக்கட்டு வீங்கியதால் அவருக்குத் துணையாகப் போனேன். போவது ஆஸ்பத்திரி என்பதால் வழக்கம்போல என் மருத்துவ ஃபைலையும் எடுத்துக்கொண்டேன். முப்பது ஆண்டுகள் நூலகத்தில் அட்டவணை எழுதியவன் ஆகையால் அதில் பொருளடக்கம், ஆண்டுவாரியாகத் தாள்கள், முதல் பக்கத்தில் உங்கள் தொலைபேசி எண் எல்லாம் உண்டு. தையற்காரர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. தலைக்குச் சாயம் வேறு. வாசலில் நின்ற நர்ஸ் எங்கள் இருவரையும் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், என் கையில் நோயாளிக்கான மஞ்சள் பட்டையைக் கட்டிவிட்டார்.

அங்கே எமர்ஜென்சியில் முதியோருக்கென்று புதிதாகத் தனிப்பகுதி திறந்திருக்கிறார்கள். குறை சொல்வதற்கில்லை. கட்டில் தாழ்வு, தரை வழுக்காது, சுவர்க் கடிகாரம் விரித்த குடை அளவு. நம்மைப் பற்றி யாரிடமோ பேசாமல் நம்மிடமே நிதானமாகப் பேசுகிறார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று தயங்கிச் சொன்னேன். நர்ஸ் கனிவோடு தலையாட்டி, 'நோயை உணரவில்லை' என்று எழுதிக்கொண்டார். அவ்வளவு உறுதியான கையெழுத்தைப் பார்த்ததும், ஒருவேளை எனக்குத்தான் ஏதாவது இருக்குமோ என்ற ஐயம் வந்து, கொடுத்த உடையை மாட்டிக்கொண்டு படுத்துவிட்டேன்.

வீங்கிய கையை அளவு நாடாவால் கழுத்தில் தொங்கவிட்டபடி தையற்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, உங்களுக்குத் துணைக்கு வந்தவன்னு நினைச்சு என்னைத் தண்ணி பிடிச்சுட்டு வரச் சொல்றாங்க."

பதறி எழுந்தேன். கட்டிலில் மணி அடித்தது. "எழுந்தா அடிக்குமாம். பேசாம படுங்க, மெத்தை நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பிறகு டாக்டர் வந்து இன்று என்ன கிழமை என்று கேட்டார். என் கைக்கடிகாரப்படி புதன், ஆனால் அது போன மாதம் ஒருநாள் பிந்தியது, ஆகவே என் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அடுத்து மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்பதாகச் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். அகரவரிசையில் அடுக்கினேன். நாற்காலி, படகு இரண்டும் மனதில் நின்றன. முதலில் வைத்ததைத் தொலைத்துவிட்டேன்.

தையற்காரர் பொறுமையிழந்து, "ஐயா, அடிபட்டது எனக்கு" என்று நாடாவை அவிழ்த்துக் கையைக் காட்டிய பிறகுதான் எல்லாரும் சிரித்து, அவருக்குக் கட்டுப் போட்டு, இருவரையும் அனுப்பினார்கள். அதற்குள் உங்களுக்குச் செய்தி போய்விட்டது. ஆக, என் நினைவு ஒழுங்காகவே இருக்கிறது. தனியாக இருக்க எனக்குத் தகுதி உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவள் வரத் தேவையில்லை என்று நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். தையற்காரர் இதைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்புவார்.

நீங்கள் இருவரும் குறைவின்றி, முக்கியமாக இந்தக் கடிதத்தால் சண்டையின்றி, நெடுநாள் வாழ வேண்டும்.

தங்கள் மாமனார்

பின்குறிப்பு: டாக்டரிடம் தொலைத்த அந்தச் சொல் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாவி. தையற்காரரின் மேசையில் இதை எழுதி முடித்துவிட்டு மாடியேறலாம் என்றிருந்தேன். உடை மாற்றும்போது தொலைந்துவிடக்கூடாதே என்று வீட்டுச் சாவியை ஏழாம் எண் கட்டிலின் தலையணை உறைக்குள் பத்திரமாக வைத்தேன். போன் செய்து கேட்டோம். உறைகள் சலவைக்குப் போய்விட்டனவாம். மாற்றுச் சாவி உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிறு வரை காத்திருக்காமல் அவளை இன்றே வரச் சொல்லுங்கள். வண்டி மட்டும் சிறியதாக இருக்கட்டும்.