துரைராஜோடு ஒரு போட்டோ

காலையில வாக்கிங் போகணும். கூட நடக்கிறவரோட ஒரு போட்டோ எடுக்கணும். அதை சென்னையில இருக்கிற மகளுக்கு அனுப்பணும். அன்னைக்கு எனக்கு இருந்த வேலை இவ்வளவுதான்.

இதுல ஒரே ஒரு குறை. கூட நடக்க எனக்கு ஆள் கிடையாது.

போன மாசம் ஸ்ரீரங்கத்துல, சித்திரை வீதியில நடந்துக்கிட்டிருந்தப்ப தலை சுத்தி உட்கார்ந்துட்டேன். யாரோ ஆட்டோ புடிச்சு வீட்டுல விட்டாங்க. டாக்டர் சொன்னாரு, "நடக்கிறத நிறுத்தாதீங்க. ஆனா தனியா நடக்காதீங்க. எழுபது தாண்டியாச்சு, சுகர் வேற. யாராவது கூட இருக்கணும்."

என்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா பிரச்சினை இல்ல. போன்ல என் மக செல்வியும் கேட்டுக்கிட்டிருந்தா.

அன்னைக்கு சாயங்காலமே ஆரம்பிச்சுட்டா. "அப்பா, அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு. தனியா இருந்தது போதும். நடக்கத் துணைக்கு ஆள் இருந்தா அங்கேயே இருங்க. இல்லைன்னா வர்ற ஒண்ணாந்தேதி நானே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்."

செல்வி வீடு பன்னெண்டாவது மாடி. ஒரு தடவை ஒரு வாரம் இருந்து பார்த்தேன். ஜன்னல்ல எட்டிப் பார்த்தா ஆளுங்க எறும்பு மாதிரி தெரியறாங்க. எறும்புகிட்ட என்னத்தைப் பேசறது. லிஃப்ட்ல ஒருத்தர்கிட்ட "சாப்டீங்களா"ன்னு கேட்டேன். ஏழாவது மாடிக்குப் போறவரு மூணுலயே இறங்கிட்டாரு.

அதனால, "ஆள் இருக்கும்மா"ன்னு சொல்லிட்டேன்.

"யாரு?"

அந்த நேரம் பார்த்து எங்க வாசல்ல ஒரு வெள்ளைத் தொப்பி நடந்து போச்சு. வாய் முந்திக்கிச்சு.

"துரைராஜ்."

"துரை மாமாவா? அவரோட நீங்க பேசறதே இல்லையே."

"அதெல்லாம் பழைய கதை."

"அப்படியா? சரி, நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் சேர்ந்து நடக்கிற போட்டோ அனுப்புங்க."

என் பொண்ணு இல்லையா. சந்தேகம் ரத்தத்துல வந்தது.

துரைராஜும் நானும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல முப்பத்தோரு வருஷம் ஒரே பெஞ்சுல நின்னு வேலை பார்த்தவங்க. ரிட்டயர் ஆகி ஸ்ரீரங்கத்துல ஒரே தெருவுல, நாலு வீடு தள்ளிக் குடியிருக்கோம். செல்வி கல்யாணத்துக்கு வந்தான். மொய்க் கவரை மாப்பிள்ளை கையில குடுத்தான். பந்தி நடந்துக்கிட்டிருக்கு, எல்லாரும் பார்க்கிற மாதிரி செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டான். கை நனைக்கல. ஒரு வாய் பாயசம்கூட இல்ல. கல்யாண வீட்டுல சாப்பிடாம போறவனை என்னன்னு சொல்றது? ஒன்பது வருஷமா சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். அவனைத் தவிர எல்லார்கிட்டயும்.

அதனால ஒரு திட்டம் போட்டேன். அவனும் தினம் காலையில சித்திரை வீதியிலதான் நடப்பான். அவனோட பேசவே வேண்டாம். நான் முன்னாடி, அவன் பின்னாடி, என் கையில செல்போன். ஒரு அமுக்கு. முடிஞ்சுது.

போட்டோ அவசரத்துல காலையில சுகர் மாத்திரையைப் போட்டுக்கிட்டேன். இட்லியை வந்து சாப்பிட்டுக்கலாம்னு மூடி வெச்சேன். இந்த மாதிரி அறிவு எனக்கு அப்பப்ப வரும்.

கிழக்குச் சித்திரை வீதியில அவன் எனக்குப் பத்தடி முன்னாடி போறான். அவன் என் பின்னாடி தெரியணும்னா நான் அவனை முந்தணும். காலை எட்டிப் போட்டேன்.

அவன் திரும்பிப் பார்க்கல. ஆனா என் செருப்புச் சத்தம் அவனுக்குத் தெரியும். அவனும் எட்டிப் போட்டான்.

ஷிஃப்டுக்கு சைக்கிள்ல போறப்பவும் இப்படித்தான். சங்கு ஊதறதுக்கு முன்னாடி நான் கேட்டுக்குள்ள நுழையறது அவனுக்குப் பொறுக்காது. இப்ப சங்கும் இல்ல, கேட்டும் இல்ல, சைக்கிளும் இல்ல. ஆனாலும் விடல. ரெண்டு பேருக்கும் சேர்த்து நூத்தி நாப்பத்தி மூணு வயசு, தெற்கு வீதியில திரும்பி மேற்கு வீதிக்குப் பறக்குது. டீ குடிச்சுக்கிட்டிருந்தவங்க கிளாஸைத் தூக்கிக்கிட்டு ஒதுங்கினாங்க.

ஒரு தடவை முந்தற மாதிரி இருந்துச்சு. உடனே போனைத் தூக்கி அமுக்கினேன். பார்த்தா என் மூக்கு மட்டும் விழுந்திருக்கு. அதுவும் பாதி.

அப்பதான் இன்னொரு யோசனை வந்துச்சு. அவன் பின்னாடி எதுக்கு ஓடணும்? திரும்பி எதிர்ப்பக்கமா சுத்தி வந்தா அவனே நேர்ல வருவான். பக்கத்துல வந்ததும் முதுகைக் காட்டி நின்னு அமுக்கிடலாம்.

திரும்பினேன். ஊரே கோயிலை வலமா சுத்துது, நான் ஒருத்தன் இடமா போறேன். பஞ்சகச்சம் கட்டின பெரியவர் ஒருத்தர் என்னை மறிச்சுட்டாரு. "ஓய், பெருமாளை இடப்பக்கம் விட்டுண்டு எங்கே போறீர்?"

"ஒரு போட்டோ எடுக்கணும் சாமி."

"போட்டோவுக்காக அப்பிரதட்சிணமா? நன்னாயிருக்கு."

அவருக்குப் பின்னாடி வந்த நாலு பேரும் அதையே ஆளுக்கு ஒரு தடவை சொன்னாங்க. எல்லாருக்கும் கும்பிடு போட்டுட்டுக் கிழக்கு வீதிக்குத் திரும்பி வந்தா, மிச்ச வீதியையும் சுத்திட்டு எதிர்ல வரான் துரைராஜ். என்னைப் பார்த்ததும் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போயிட்டான். நானும் கடந்தேன். அவன் மறுபடி இந்தப் பக்கம் வந்தான். நானும் வந்தேன்.

மூணாவது தடவை கடக்கும்போது வீதி மட்டும் தனியா சுத்த ஆரம்பிச்சுது. பூ விக்கிற வசந்தா போட்டிருந்த பலகையில அப்படியே உட்கார்ந்துட்டேன்.

"ஐயா, என்ன இப்படி வேர்க்குது? கையெல்லாம் நடுங்குதே" ன்னா வசந்தா.

நிமிர்ந்து பார்த்தா எனக்கு முன்னாடி ரெண்டு துரைராஜ் நிக்கறாங்க. ஒருத்தனையே தாங்க முடியாது.

அவன் என்னைப் பார்க்கல. வசந்தாவைப் பார்த்துச் சொன்னான். "மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம வந்துட்டாரான்னு கேளும்மா."

"நீங்களே கேளுங்களேன். பக்கத்துலதான இருக்காரு."

"நீ கேளு."

வசந்தா என்னைப் பார்த்தா. "சாப்பிடலையான்னு கேக்குறாரு."

"சாப்பிடலைன்னு சொல்லும்மா. ஆனா சிலர் மாதிரி இலை போட்ட இடத்துல சாப்பிடாம வரல. என் வீட்டுலதான் சாப்பிடாம வந்தேன்னு சொல்லு."

துரைராஜ் சட்டைப் பையிலேருந்து ரெண்டு ஆரஞ்சு மிட்டாயை எடுத்தான். அவனுக்கும் சுகர். "இதை வாயில போடச் சொல்லும்மா."

"வேண்டாம்னு சொல்லும்மா."

"நாலு வீடு தள்ளி இருக்கிறவனுக்கு, நேர்ல வந்து வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடாம வாட்ஸப்ல பத்திரிகை அனுப்பினா எவன் சாப்பிடுவான்னு கேளும்மா. மிட்டாயை நான் நேர்லதான் குடுக்கறேன்னும் சொல்லு."

எனக்கு இது புதுசு. இந்தக் கேஸ்ல நான் மட்டும்தான் வாதின்னு ஒன்பது வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்.

"மண்டபம் கிடைச்சதே கல்யாணத்துக்கு இருபது நாளைக்கு முன்னாடிதான்னு சொல்லும்மா."

"நாலு வீடு தாண்ட இருபது நாள் பத்தலையான்னு கேளும்மா."

வசந்தா கட்டிக்கிட்டிருந்த பூவைக் கீழே வெச்சா. "இந்நேரம் ரெண்டு முழம் கட்டியிருப்பேன். எனக்குத் தபால்காரர் வேலை வேண்டாம். ஐயா, வாயைத் திறங்க." மிட்டாயைப் பிரிச்சு அவளே என் வாயில திணிச்சா. "என் கையாலதான் சாப்பிட்டீங்க. உங்க கவுரவம் ஒண்ணும் குறையல."

அப்ப பார்த்து போன் அடிச்சுது. செல்வி, அதுவும் வீடியோ கால். என் கை நடுங்கினதால வசந்தாவே அமுக்கி எங்க ரெண்டு பேர் முன்னாடியும் புடிச்சா.

"அப்பா, போட்டோ எங்க? அட, துரை மாமா. நிஜமாவே தினம் அப்பாவோட நடக்கிறீங்களா மாமா?"

ஒண்ணாந்தேதி, பன்னெண்டாவது மாடி, லிஃப்ட் எல்லாம் அவன் நாக்கு நுனியில நிக்குது. ஒரு கன்னம் உப்பின மேனிக்கு நான் அவனைப் பார்த்தேன். ஒன்பது வருஷத்துல முதல் தடவையா நேருக்கு நேர்.

அவன் நிதானமா தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டான். "தினம் நடக்கிறோம்மா. உங்கப்பாதான் கொஞ்சம் மெது. நான் நின்னு நின்னு கூட்டிட்டு வரேன்."

மறுத்துப் பேசினா சென்னை. பேசாம இருந்தா இந்த அவமானம். மிட்டாயை ஓரமா ஒதுக்கி, "ஆமாம்மா" ன்னேன்.

அதோட விட்டானா? "இன்னைக்கு இட்லி சாப்பிடாம வந்துட்டாரு. அதையும் கொஞ்சம் கேளும்மா."

கேட்டா. நடுவீதியில, பூக்கூடைக்குப் பக்கத்துல வெச்சு, என்னைக் கேட்டது அவ மட்டும்தான். ஆனா கேட்டுக்கிட்டு நின்னவங்க பத்துப் பேர். கடைசியா, "மாமா, நீங்க கூட இருந்தா எனக்குக் கவலை இல்ல"ன்னு சொல்லிட்டு வெச்சா.

துரைராஜ் வசந்தா பக்கம் திரும்பினான். "நாளைக்கு ஆறு மணிக்கு இங்கேயே வரச் சொல்லும்மா. சாப்பிட்டுட்டு."

"சரின்னு சொல்லும்மா."

வசந்தா நாரை இழுத்து முடிச்சுப் போட்டா.

இப்ப ஒரு மாசமா சேர்ந்துதான் நடக்கிறோம். நாலு வீடுதான் தள்ளி, ஆனாலும் ஒருத்தர் வாசல்ல ஒருத்தர் நிக்க மாட்டோம். பூக்கடையிலதான் சந்திப்பு. நேரடியா ஒரு வார்த்தை கிடையாது. "முன்னாடி பள்ளம்"னு அவன் கரன்ட் கம்பத்துகிட்ட சொல்வான். "இன்னைக்கு இட்லி நாலு"ன்னு நான் எதிர்ல வர்ற மாட்டுகிட்ட சொல்வேன். சுகர் கட்டுக்குள்ள இருக்குன்னு டாக்டருக்கு சந்தோஷம். செல்வி என்னை விட அவனுக்குத்தான் அதிகமா போன் பண்றா.

நேத்து அவன் பத்து நிமிஷம் லேட். நான் தெரு முனைக்கும் பூக்கடைக்கும் மூணு தடவை நடந்து எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசியில சாவகாசமா வரான். தொப்பியைக் காணோமாம், தேடிக்கிட்டிருந்தானாம். கம்பத்துகிட்ட சொன்னான்.

இதை நான் மறக்கறதா இல்ல.