வெய்க்கோ தந்த ஐந்து நிமிஷ மிஷின்

ஹான்காக், மிச்சிகன்
ஜனவரி 16, வியாழன்

அன்புள்ள மச்சான் வெய்க்கோவுக்கு,

இங்கே நானும் உன் அக்காள் ஹெல்மியும் நலம். பனியும் நலம், இடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. புளோரிடாவில் அரைக்கால் சட்டையோடு திரியும் நீ நலமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. போனில் பேசலாம்தான். நீ சிரிப்பாய். அதனால் கடிதம்.

நீ குளிருக்குப் பயந்து ஓடுமுன் என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, வழியில் கிடக்கும் பனியை வாரி ஊதித் தள்ளும் அந்தப் பழைய மிஷினைப் பற்றித்தான் எழுதுகிறேன். "குதிரை மாதிரி ஓடும் அத்தான்" என்றாய். ஓடுகிறது, ஐந்து நிமிஷம். பிறகு இருமி, விக்கி, செத்துப்போகிறது. கால் மணி நேரம் கழித்துக் கயிற்றை இழுத்தால், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடியும் ஐந்து நிமிஷம். நான் சும்மா இருந்தேனா? பழைய பெட்ரோலைக் கொட்டிப் புதுசு ஊற்றினேன், ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றிச் சமையலறை மேஜையில் பரப்பி உன் அக்காளின் கேக் பிரஷால் தேய்த்தேன். மிஷினுக்கும் அது பிடிக்கவில்லை, உன் அக்காளுக்கும் பிடிக்கவில்லை. வந்த முதல் நாளே பெட்ரோல் மூடியில் ஒரு பொத்தலைக் கண்டுபிடித்து, பனி உள்ளே போகாதபடி பனிச்சறுக்கு மெழுகால் அடைத்தவனும் நானே. மூடியில் பொத்தலோடு ஒரு மனுஷன் மிஷினை இன்னொருத்தனுக்குக் கொடுப்பானா?

நாளை மறுநாள் சனிக்கிழமை. முப்பத்தொரு வருஷமாகச் சனிக்கிழமை சவுனா, அந்த விறகடுப்பு நீராவிக் குளியல், நம் வீட்டில்தான். சொந்தபந்தம் அத்தனையும் வெந்து சிவந்து, காப்பி குடித்துவிட்டுத்தான் போகும். இப்போது ரோட்டிலிருந்து சவுனாவுக்கு வழியே இல்லை. பக்கத்து வீட்டு ஆர்வோ வேலிக்கு மேல் தலையை நீட்டி, "என்னய்யா ரூடி, இன்னிக்கும் மூணு கஜம்தானா? பேசாம சனிக்கிழமை எல்லாரையும் எங்க வீட்டுக்கு அனுப்பிடு" என்கிறான். அவனுடையது கரண்டு சவுனா, வெய்க்கோ! விறகே இல்லாத சவுனாவில் என் ஜனம் போய் உட்காருவதா? வயிறு எரிகிறதடா. உன் அக்காளோ, "நல்லதாப் போச்சு, எனக்குப் புகைத் தொல்லை மிச்சம். நீங்க அந்த மண்வாரியைத் தொட்டீங்க, முதுகு பிடிச்சா நான் தேய்க்க மாட்டேன், ஆமா" என்கிறாள்.

ஆகவே எழுத்திலேயே தருகிறேன்: நீ ஒரு பித்தலாட்டக்காரன். இனி என் சவுனாவில் உனக்குச் சூடே ஏறாத கீழ்ப்பலகைதான், குழந்தைகளோடு.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள். உன் வழுக்கையை மட்டும் வெயில் நன்றாகச் சுடட்டும்.

இப்படிக்கு,
உன் நலத்தை (இந்த வாரம் நீங்கலாக) விரும்பும் அத்தான்,
ரூடி

பி.கு.: இதைக் கவரின் பின்பக்கம் எழுதுகிறேன். (லொரெய்ன், படிக்காதே.) கவரை ஒட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது, நம் வீட்டுத் தபால் பெட்டியும் ரோட்டோரம்தான், பெட்டிக்கு முன்னால் பனி கிடந்தால் தபால்காரி லொரெய்ன் வண்டியை நிறுத்திக் கடிதத்தை எடுக்கமாட்டாள். மறுபடி மிஷினை இழுத்தேன். ஐந்தாம் நிமிஷம் செத்தது. உன் அக்காள் வந்து, "பெட்ரோல் இருக்கான்னு பாத்தீங்களா?" என்று மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. மூடியைத் தளர்த்தி வைத்து இழுத்தாள். ஓடியது, ஓடியது, ஆர்வோ வாசல்வரை ஓடியது. மெழுகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அந்தப் பொத்தல் வழியா அது மூச்சு விட வேணாமா?" என்றாள்.

கிழித்துப் போடலாம்தான், ஆனால் ஸ்டாம்பு ஒட்டியாயிற்று. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தால் வழி திறந்துவிட்டது, மிஷின் ஓடுகிறது, உள்ளே இருப்பது அத்தனையும் பொய் என்று தெரிந்துகொள். எனக்கு விறகு பிளக்கும் வேலை இருக்கிறது. மேல்பலகை உனக்குத்தான்.