ஒன்பது மேசைக் கிராணி

பினாங்கையே சல்லடை போட்டுச் சலித்தாலும், ஒரு ஆள் வேலையை ஒன்பது பேருக்குப் பங்கு வைத்து, அதையும் முன்னைவிடச் சீக்கிரமாக முடித்துக் காட்டிய இன்னொரு குமாஸ்தா, எங்கள் பேச்சில் கிராணி, கிடைக்கமாட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும். எங்களுக்கு அவர் ‘ஒன்பது மேசை’.

வெள்ளைக்காரன் காலத்தில் மனுஷர் நேர்மாறு. ஒரு கடுதாசி இரண்டு மேசைக்கு மேல் ஏறினால் அவருக்குக் காய்ச்சலே வந்துவிடும். ஜப்பான்காரன் வந்தபின் எங்கள் ரேஷன் ஆபீசில் ஒரு பேச்சு அடிபட்டது. சும்மா உட்கார்ந்திருப்பவன் பெயரை எழுதிச் சயாம் ரயில் பாதை போட ஏற்றப்போகிறார்களாம். போனவன் எவனும் திரும்பியதாகத் தெரியவில்லை. அந்த ஆபீசில் உருப்படியாய் ஒரு வேலையும் இல்லாதவன் நான்தான்; கல்யாணமாகி நாலே மாசம் வேறு.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால், ஒன்பது மேசைகள் வரிசையாகக் கிடக்கின்றன! அரிசிக் கார்டை ஒருவர் வாங்க, ஒருவர் பெயர் பார்க்க, ஒருவர் கோடு போட, ஒருவர் நம்பர் எழுத, இப்படியே போய்க் கடைசி மேசை எனக்கு. கிராணி என் கையில் ஓர் ஓலை விசிறியைத் திணித்தார்.

“என்னாண்ணே இது?”

“எங்கட மை லேசில காயாது தம்பி. விசிறும்.”

“இதெல்லாம் ஒரு வேலையா லா?”

“வேலை இல்லையெண்டு இன்னொருக்கா சொன்னீரோ, நானே உம்மைச் சயாமுக்கு அனுப்புவன்!”

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவேயில்லை. யாராவது கொட்டாவி விட்டால் மேசையில் ஒரு தட்டு. கோடு கோணினால், “கோட்டுக்கும் மரியாதை இருக்குக் காணும்!” வாரக் கடைசியில் ஒழுங்காக வேலை பார்த்தவருக்கு அவர் வீட்டு மரவள்ளிக்கிழங்கு ரொட்டி ஒரு துண்டு. பல்லை உடைக்கும். அதற்கும் அடிதடி! சாயங்காலம் வரை நின்ற ஜனவரிசை மத்தியானத்துக்குள் கரைய ஆரம்பித்தது.

ஒருநாள் ஜப்பான் அதிகாரி வந்தார். மேசை மேசையாகப் பார்த்துவந்தவர் என் முன்னால் நின்று, “இந்த ஆள் எதுக்கு?” என்று அரைகுறை மலாயில் கேட்டார்.

ஒன்பது மேசை எழுந்து வந்தார். நான் இன்னும் விசிறாத கார்டு ஒன்றை எடுத்து, இடுப்பு வரை குனிந்து வணங்கி, இரண்டு கையாலும் நீட்டினார். அதிகாரி வாங்கினார். அவருடைய வெள்ளைக் கையுறை முழுக்க மை!

பளார்! கிராணியின் மூக்குக்கண்ணாடி மூலையில் போய் விழுந்தது. கார்டை வீசியெறிந்த அதிகாரி என்னைக் காட்டி, “இவன் இங்கேயே இருக்கட்டும்!” என்று கத்திவிட்டுப் போனார்.

நான் அழுதே விட்டேன்.

“எனக்காகவாண்ணே அறை வாங்குனீங்க?”

“இப்ப என்ன அழுகை? எல்லாம் ஈரமாய்க் கிடக்குது, விசிறும் காணும்!”

விசிறியை எடுத்தேன். கார்டுகள் கிடக்கட்டும் என்று, ஐந்து விரலும் பதிந்திருந்த அவர் கன்னத்துக்கு வெகுநேரம் விசிறிக்கொண்டிருந்தேன்.